மேதைகளின் வயிற்றெரிச்சல்

அமெரிக்கப் புள்ளியியலாளர் லெனார்ட் சாவேஜ் 1951-ல் வயிற்றெரிச்சலுக்கே கணக்குப் போட்டார். எந்த வழியில் போனாலும், ‘ஐயோ, அதை எடுத்திருக்கலாமே’ என்று பின்னால் தலையில் அடித்துக்கொள்ள நேரலாம். ஒவ்வொரு வழியிலும் அந்த அடி அதிகபட்சம் எவ்வளவு பலமாக விழும் என்று பார். எதில் குறைவோ அதில் போ.

மறுவருடம் மே மாதம் பாரீஸில் மேதைகள் கூடினார்கள். பகுத்தறிவுள்ள மனிதன் எப்படி முடிவெடுப்பான் என்பது பேச்சு. அந்த மனிதன் தாங்கள்தான் என்பதில் வந்திருந்தவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மொரீஸ் அலே என்ற பிரெஞ்சுக்காரருக்கு இருந்தது. சாவேஜை மடக்கி (சாப்பாட்டு மேசையில் என்பார்கள்) இரண்டு கேள்வி கேட்டார்.

ஒன்று: 10 கோடி ஃபிராங்க், நிச்சயம். வேண்டாமென்றால் 50 கோடிக்கு 10 சதவீத வாய்ப்பு, 10 கோடிக்கு 89 சதவீதம், மிச்சம் 1 சதவீதத்தில் பட்டை நாமம்.

இரண்டு: 11 சதவீத வாய்ப்பில் 10 கோடியா, 10 சதவீத வாய்ப்பில் 50 கோடியா? விழாவிட்டால் எதிலும் சல்லிக்காசு கிடையாது.

சாவேஜ் முதலாவதில் நிச்சயமான 10 கோடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதில் 50 கோடிக்குப் பாய்ந்தார். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். ஆனால் இரு பக்கத்துக்கும் பொதுவான 89 சதவீதத்தைத் தள்ளிவிட்டால் இரண்டும் ஒரே கேள்வி. ஒரே மாதிரிதான் பதில் வரவேண்டும். சாவேஜ் தன் கோட்பாட்டுக்கு அஸ்திவாரமாக வைத்திருந்த விதியே அதுதான்! பிறகு ஏன் பதில் மாறியது? கைக்கு வந்த 10 கோடியை அந்த 1 சதவீதம் விழுங்கினால் சாகும்வரை தூக்கம் வராது. இரண்டாவதில் வராமல் போனால், சரி, எப்படியும் வந்திருக்காது என்று விட்டுவிடலாம்.

சாவேஜ் அசரவில்லை. யோசித்துப் பார்த்து, இரண்டாவது பதிலை மாற்றிக்கொண்டு, பிழையைத் திருத்திவிட்டதாக 1954-ல் தன் புத்தகத்திலேயே எழுதினார். விதி சரி, ஆள்தான் தப்பு.

பிழையே இல்லை ஐயா, பின்னால் வருந்தப்போவதை முன்கூட்டிச் சேர்த்துக்கொள்வதும் அறிவுதான் என்று பொருளியலாளர்கள் லூம்ஸும் சக்டனும் இங்கிலாந்திலிருந்து சொல்ல 1982 ஆயிற்று. அதற்குள் சாவேஜ் போய்ச் சேர்ந்திருந்தார்.

பாரீஸ் கூத்து நடந்த அதே 1952-ல், பணத்தை எப்படிப் பிரித்துப் போடுவது என்று ஹாரி மார்க்கோவிட்ஸ் புகழ்பெற்ற சூத்திரம் எழுதினார். தன் ஓய்வூதியப் பணத்துக்கு அதைத் தொடவில்லை. பங்குச்சந்தை ஏறும்போது வெளியே நின்றாலும் வேதனை, விழும்போது உள்ளே இருந்தாலும் வேதனை என்று பங்கில் பாதி, கடன்பத்திரத்தில் பாதி போட்டுவிட்டார். 1990-ல் நோபல் கிடைத்தது சூத்திரத்துக்கு.