பிரதட்சிணம் வரும் வட்டம்

ஸ்ரீரங்கம் உத்திர வீதித் திண்ணையில், எழுபது தாண்டிய மாமி ஒருத்தர் பேரன் கொடுத்த பழைய போனில் பில் கட்டப் பார்க்கிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. அரங்கனுக்கே பிரகாரம் ஏழுதான். இந்த வட்டம் எழுபது சுற்று வந்தாயிற்று, சந்நிதி திறக்கவில்லை.

தளத்தைக் கட்டிய தம்பியைக் கேளுங்கள். "லேட்டஸ்ட் ஃபிரேம்வொர்க் சார்!" 2010-இல் ஆங்குலர், 2013-இல் ரியாக்ட், 2014-இல் வியூ, 2016-இல் பழைய ஆங்குலரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே பெயரில் இன்னொரு ஆங்குலர். பாம்புப் பஞ்சாங்கம்கூட வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது. மாமிக்கு வேண்டியது ஒரு கட்டம், ஒரு பொத்தான், ஒரு ரசீது. வெறும் எச்டிஎம்எல் படிவம் போதும். ஆனால் அதை பயோடேட்டாவில் போட்டால் எவன் சம்பளம் ஏற்றுவான்? தம்பியின் அடுத்த வேலைக்கு மாமியின் டேட்டா தட்சிணை.

இதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ரங்கராஜன் (எழுத்தாளர் சுஜாதாவேதான்) பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதை மேற்பார்வையிட்டவர். அந்த வகை இயந்திரம் முதலில் தேர்தலைக் கண்டது 1982-இல், கேரளத்தின் பரவூரில். சின்னம், பக்கத்தில் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு, ஒரு 'பீப்'. கரண்ட் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும். கைநாட்டுக் கிழவியை "பிரவுசரை அப்டேட் பண்ணிட்டு வா பாட்டி" என்று எந்தச் சாவடியிலும் திருப்பி அனுப்பவில்லை. மனுஷர் தன் சாமர்த்தியத்தையெல்லாம் கதையில் காட்டினார், பொத்தானில் காட்டவில்லை.

நம்மவர்களோ பொத்தானில்தான் கதை எழுதுகிறார்கள். கேஒய்சி திரை "கண்ணைச் சிமிட்டு" என்கிறது. அமில வீச்சில் இமை போனவர் எதைச் சிமிட்டுவார்? அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது. டிஜிட்டல் சேவை எல்லோருக்கும் எட்டுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாக இல்லை?

வட்டம் நின்றது. "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது." யார் தவறு என்று மட்டும் போடவில்லை. மாமி செருப்பை மாட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஏறி அலுவலகம் போனார். கவுண்டர் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'ஆன்லைனில் மட்டும்.'