பட்டாளத்து லாரி வாங்கியவர்

அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தொட்ட ஆண்களுக்குள் ஒரு தனி ஜாதி உண்டு. பல் மருத்துவர், கணக்கர், பள்ளி ஆசிரியர் என்று தொழில் எதுவாகவும் இருக்கலாம். வீட்டு முன்னால் ஓடுகிற வண்டி இரண்டும் ஓடாத வண்டி ஒன்றும் ஏற்கெனவே நிற்கும். ஓர் இரவு, வீட்டார் தூங்கிய பிறகு, ராணுவம் கழித்துக்கட்டிய வாகனங்களின் ஏலப் பட்டியலை சும்மா பார்க்க உட்கார்ந்தவர், சும்மா ஒரு தொகையையும் கேட்டுவைக்கிறார். பொழுது விடியும்போது ஆறு டன் எடையும் பத்து டயரும் உள்ள லாரி ஒன்று அவர் தலையில் விழுந்திருக்கிறது. லாரி நிற்பது கலிபோர்னியாப் பாலைவனத்தில், பார்ஸ்டோவுக்குப் பக்கம். அவர் இருப்பது ஓஹையோவில். நடுவே சுமார் 3,500 கிலோமீட்டர். வீட்டில் விலையை முதலில் சொல்லுவார். சில ஆயிரம் டாலர்தான், ஒரு பழைய கார் வாங்குகிற காசு. தூரத்தைக் கடைசியில் சொல்லுவார். எப்படிக் கொண்டுவருவதாக உத்தேசம் என்று யாராவது கேட்டால், ஓட்டிக்கொண்டுதான் என்று, வேறு வழி எதுவும் உலகத்தில் இல்லாததுபோல் பதில் வரும். ஊரார் இவரை ஆயுதப் பித்து என்பார்கள், கஞ்சன் என்பார்கள், புத்தி பிசகியவர் என்பார்கள். என் கட்சி வேறு. அவர் காசு கொடுத்தது அந்த 3,500 கிலோமீட்டருக்கு; லாரி அதற்கான டிக்கெட். இதை நிரூபிக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

முதல் சாட்சி லாரியேதான். இந்த ஜாதியாரின் மனம் பெரும்பாலும் போய் விழுவது எம்35ஏ2 என்ற வண்டியில். 1950-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த எம்35 குடும்பத்துப் பிள்ளை அது. காட்டிலும் மேட்டிலும் இரண்டரை டன் சுமக்கும் என்பது கணக்கு. இன்ஜின் 7.8 லிட்டர், குதிரைத்திறனோ 130-ஐச் சுற்றித்தான், இன்றைய சாதாரணக் குடும்பக் காரைவிடக் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அதற்கு மேல் விரட்டினால் இன்ஜின் தன் உள்ளுறுப்புகளைச் சாலையில் காட்டிவிடும். பவர் ஸ்டியரிங் கிடையாது. கூரை தார்ப்பாய். வைப்பர் காற்றழுத்தத்தில் ஓடும். ஓடாவிட்டால் உள்ளிருந்து கையால் தள்ளலாம். சாவி கிடையாது; போர்க்களத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஒரு சுவிட்ச், ஒரு பொத்தான், அவ்வளவுதான். நிறுத்துவதற்கு ஒரு கைப்பிடியை இழுத்து இன்ஜினுக்கு எண்ணெயை அடைக்க வேண்டும். எதிரி விமானத்துக்குத் தெரியாமல் விளக்குப் போட மூன்று நெம்புகோல் உள்ள ஒரு சுவிட்ச் உண்டு; அரிசோனாவில் எதிரி விமானம் எதுவும் வருவதில்லை, இருந்தாலும் அதைப் படித்துக்கொள்ளாமல் முன்விளக்கு எரியாது. ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக உள்ள மனிதன் இதில் ஏறமாட்டான். சேர்வதைத் தள்ளிப்போட விரும்புகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாகனத்தை எவரும் வடிவமைத்ததில்லை.

விற்கிறவர்களும் ஒளிவுமறைவு செய்வதில்லை. உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில் என்பதே ஏலத்தின் சட்டம். பேட்டரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும். பக்கவாட்டில் பதித்த தேதியைப் பார்த்தால் வாங்கியவரின் மகளைவிட மூத்ததாக இருக்கும். பெயர் மாற்றத்துக்கு வேண்டிய அரசு நமுனா பணம் கட்டிப் பல வாரம் கழித்துத்தான் வரும். இதெல்லாம் முன்பே எழுதிவைக்கப்பட்டவை, அவரும் படித்தவர். அந்நாட்டில் இந்த ஆசைக்கு வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, பெட்டியில் அடைத்த புத்தம் புதிய ஜீப் ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவர்களுக்கு வந்து சேர்ந்தது, அரசு உபரிச் சாமான்களை வாங்குவது எப்படி என்ற சிறு புத்தகம். அந்தப் பையன்கள் ஏமாந்தார்கள். இந்த மனிதர் ஏமாறவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்குகிறார். தெரிந்து வாங்குகிறவன் எதற்காக வாங்குகிறான் என்பதுதான் நம் கேள்வி.

சிக்கனத்துக்காக என்பது அவர் தரப்பு வாதம். லோபெட் ட்ரெய்லரில் ஏற்றி அனுப்பினால் லாரி விலையை விட வாடகை அதிகமாகும், ஓட்டிவந்தால் எண்ணெய்ச் செலவோடு போயிற்று என்பார். காகிதத்தில் இது சரி, மறுப்பதற்கில்லை. இன்னொரு துருப்பும் கையில் வைத்திருக்கிறார். இந்த இன்ஜின் பல எண்ணெய்களைக் குடிக்கக்கூடியது. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், ஆபத்துக்குப் பெட்ரோல்கூட. ஆகவே உணவகத்தில் வடை சுட்ட எண்ணெயும் மெக்கானிக் கடையில் வடித்துக் கொட்டிய இன்ஜின் ஆயிலும் தனக்கு இலவச எரிபொருள் என்று கணக்குப் போடுகிறார். (வடை அங்கே இல்லை, உருளைக்கிழங்கு வறுவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கணக்கில் வராதது, அந்த எண்ணெயை வடிகட்ட அவர் வாங்கப்போகும் பம்பும் பீப்பாயும் வடிகட்டிகளும், அவற்றை வைக்க எழுப்பப்போகும் கொட்டகையும். அதுவும் போகட்டும். சிக்கனம்தான் காரணம் என்றால், ஓஹையோவுக்குள்ளேயே, காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், இதே மாதிரி லாரி விற்பனைக்கு இருந்தபோது ஏன் அதை விட்டார்? கேட்டுப் பாருங்கள். அதில் துரு அதிகம் என்பார். பாலைவனத்து வண்டி துருப்பிடிக்காது என்பது உண்மை. உண்மையான காரணம் ஒன்று கைவசம் இருக்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் மெய்யான காரணத்தை யாரும் தோண்டமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பயணத்தைப் பாருங்கள். பார்ஸ்டோவில் தொடங்கும் 40-ஆம் எண் நெடுஞ்சாலை, விட்டால் வட கரோலினாவின் வில்மிங்டனில் அட்லாண்டிக் கடற்கரையில்தான் நிற்கும், 4,100 கிலோமீட்டர். முதல் நாளே கொலராடோ ஆற்றங்கரையில் நீடில்ஸ் வரும். நாட்டின் மிகச் சூடான ஊர்களில் ஒன்று. கடல்மட்டத்துக்கு மேல் 150 மீட்டர். அங்கிருந்து ஃபிளாக்ஸ்டாஃபுக்கு 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். பாரம் ஏற்றிய சரக்கு லாரிகள்கூட ஒதுங்கச் சொல்லி ஹார்ன் அடிக்கும். ஏசி இல்லை, கால்மாட்டில் இன்ஜின் கொதிக்கிறது, காதில் பஞ்சு அடைத்திருந்தும் டர்போவின் விசில் மண்டைக்குள் கேட்கிறது. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். 190 லிட்டர் கொள்ளும் தொட்டி இருப்பதால் எழுநூறு கிலோமீட்டருக்கு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவர் ஒவ்வொரு மணி நேரமும் நிறுத்துகிறார். இறங்கிச் சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும், காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடும் தாயைப் போலப் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். ஏதாவது ஒன்று சற்றுச் சூடாக இருந்தால் முகத்தில் கவலை தெரிகிறது. அத்தோடு கூடவே, மறைக்க முடியாத ஒரு திருப்தியும் தெரிகிறது. பெட்டியைத் திறக்கிறார். பேரிங், குழாய், ஃபேன் பெல்ட், எண்ணெய் வடிகட்டி, ஊதா நிற பிரேக் ஆயில். அமெரிக்க ராணுவம் 1980-களில் சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாறியது. வழக்கமான ஆயிலை அதோடு கலக்கக் கூடாது, வழியில் உள்ள பங்க்குகளில் அது கிடைப்பதும் அரிது. ஆகவே புட்டி புட்டியாகக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டரை டன் சுமக்கும் லாரியில் ஏற்றியிருக்கும் ஒரே சரக்கு, அதே லாரிக்கான சாமான்கள்.

அலுவலகத்தில் இதே மனிதருக்கு என்ன கெட்டுப்போனாலும் சரிசெய்ய முடியாது. கணினி பழுதானால் ஒரு எண்ணுக்குப் பேசிக் காத்திருக்க வேண்டும். வீட்டுக் காரில் விளக்கு எரிந்தால் கம்பெனிக்காரன் கணினியை மாட்டித்தான் காரணம் சொல்லுவான். லாரியில் மட்டும் நோய்க்குப் பெயர் உண்டு, மருந்து பெட்டியில் உண்டு, ராணுவக் கையேட்டில் படத்தோடு விளக்கம் உண்டு. பதினெட்டு வயதுச் சிப்பாய் படித்துப் புரிந்துகொள்ள எழுதிய கையேடு அது. பல் மருத்துவருக்கும் புரிகிறது. பங்க்கில் நிறுத்தினால் யாராவது ஒரு கிழவர் வந்து, நான் இதை ஓட்டியிருக்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். அரை மணி நேரம் போகிறது. வேகமாகப் போகிற எவருக்கும் கிடைக்காத மரியாதை.

போர் மீது மோகம் என்பவர்களுக்கு வருவோம். அப்படிச் சிலர் உண்டு. கதவில் நட்சத்திரம் வரைந்து, பொய்ப்பெயரோடு சீருடையும் தைத்துக்கொள்வார்கள். அவர்களை விட்டுவிடலாம். ராணுவத்தைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசை உண்மையானால், லாரியை ரயிலில் ஏற்றியிருக்க வேண்டும். உள்நாட்டில் நெடுந்தூரத்துக்கு லாரிகளை அனுப்ப ராணுவம் பெரிதும் நம்புவது ரயில் வேகன்களைத்தான். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தன் லாரிகளை ஓட்டிப்பார்க்க ராணுவமே 1919-இல் ஒருமுறை முனைந்தது. ஜூலை 7-இல் வாஷிங்டனில் கிளம்பிய அணி, செப்டம்பர் 6-இல் சான்பிரான்சிஸ்கோவை அடைந்தது. 62 நாள், ஆசை அறுபது நாள் என்கிற நம் கணக்குக்கு இரண்டு நாள் கூடுதல். பாலங்கள் உடைந்தன, சக்கரங்கள் புதைந்தன. கூடப்போன ஓர் இளம் அதிகாரி அந்தப் பாட்டை மறக்கவில்லை. ஐசனோவர் என்பது அவர் பெயர், 1956-இல் குடியரசுத் தலைவராக நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இப்போது நம்மவர் விசிலடித்துக்கொண்டு ஊர்ந்துபோகும் சாலைகள் அந்தச் சட்டத்தின் பயன். பழைய ராணுவ வாகனங்களைப் பேணுகிறவர்களின் சங்கம் ஒன்று 1976 முதல் அங்கே இயங்கிவருகிறது. அவர்கள் அந்த 1919 பயணத்தை 2009-இல் திரும்ப நடத்தினார்கள், நூற்றாண்டுக்கு 2019-இல் இன்னொருமுறை; நடுவில் 2012-இல் அலாஸ்கா நெடுஞ்சாலைக்கும் போனார்கள். கவனியுங்கள்: எந்தச் சண்டையையும் அல்ல, ஒரு மோசமான பயணத்தைத் திரும்ப நடத்துகிறார்கள்.

இனி, சிரித்துத் தள்ள முடியாத ஓர் ஆட்சேபம். நடுச்சாலையில் இது ஆபத்தில்லையா? ஆபத்துதான். எம்35ஏ2-வின் பிரேக்குக்கு ஒரே சுற்று. ஏதாவது ஒரு சக்கரத்தின் குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், கைப்பிரேக்கும் கடவுளும்தான் மிச்சம். மற்றவர்கள் 120-இல் பறக்கும் பாதையில், மேட்டில் 50-க்கு இறங்கிவிடும் வண்டி பின்னால் வருகிறவனுக்கு ஒரு சுவர். வணிக ஓட்டுநர் உரிமம் 26,001 பவுண்டிலிருந்துதான் வேண்டும். இது அதற்கு உள்ளேதான் நிற்கிறது, எனவே கார் ஓட்டும் அதே உரிமம் போதும். சட்டம் விட்டுக்கொடுப்பதால் விஷயம் சரியாகிவிடாது. அங்கேயே தங்கி, குழாய்களையும் டயர்களையும் மாற்றிப் பிரேக்கைச் சோதித்துவிட்டுக் கிளம்புகிறவர் நான் சொல்லும் மனிதர். பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் ஆனதும் கை தட்டிக்கொண்டு கிளம்புகிறவனைப் போலீஸ்காரர் மடக்கினால் என் அனுதாபம் போலீஸ்காரருக்கே. முன்னவருக்காகவும் ஒரேயடியாக வாதாட மாட்டேன். ஆனால் ஒன்று: தன் வாகனம் நிற்காமல் போகக்கூடும் என்று ஒவ்வொரு நிமிடமும் நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் அந்தச் சாலையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு லாரி என்ன ஆகிறது என்பது என் வழக்குக்கு வலுவான சான்று. உபரி லாரிகளால் உண்மையாகப் பயனடைகிறவர்கள் உண்டு. கிராமப்புறத் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்கு வனத்துறைத் திட்டம் வழியாக இவை கிடைக்கின்றன; தண்ணீர்த் தொட்டி ஏற்றிச் சிவப்பு வண்ணம் அடித்து வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம்மவர் லாரியோ கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஜூலை 4 ஊர்வலத்தில் குழந்தைகளை ஏற்றிப் போகும். பனியில் சிக்கிய பக்கத்து வீட்டுக் காரை ஒருமுறை இழுத்துக் கொடுக்கும். அந்த ஒருமுறையை அவர் பத்து வருஷம் சொல்லுவார். ஒழுகிய இடமெல்லாம் அடைத்தாகிவிட்டது, ஹப் எதுவும் சுடுவதில்லை. சரியாகிவிட்ட லாரியோடு அவருக்குப் பேச எதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் விலைக்கு வருகிறது. கேட்கிறவர் லோபெட் கொண்டுவருவதாகச் சொன்னால் விலை கறாராக இருக்கும்; ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றால் குறையும், ஊதா ஆயில் இரண்டு புட்டியும் சும்மா கிடைக்கும்.

இவ்வளவு சொல்லியும் நம்பாதவர்களுக்கு, அந்த லாரிக்குப் பின்னால் வரும் காரைக் காட்டுவேன். தனியாக வரக் கூடாது என்பதால் சிநேகிதர் ஒருவர், மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டு, டிக்கி நிறைய உதிரிச் சாமான்களோடு பின்தொடர்வது வழக்கம். அவர் எதையும் வாங்கவில்லை. லாரி அவர் வாசலில் நிற்கப்போவதில்லை, ஊர்வலத்தில் அவருக்கு இடமும் இல்லை. சம்பளமில்லா விடுப்பு எடுத்து, 3,500 கிலோமீட்டரும் ஓர் ஆறு டன் லாரியின் பின்புறத்தையும் அதன் புகையையும் பார்த்துக்கொண்டு வருகிறார். ஃபிளாக்ஸ்டாஃபில் கூப்பிட்டு, டயர் வெடித்துவிட்டது, இன்னும் மூன்று நாள் ஆகும் என்று வீட்டில் சொல்லும்போது குரலில் சோகத்தை வரவழைக்கச் சிரமப்படுகிறவர் அவர்தான். அடுத்த ஏலப் பட்டியல் வந்ததும், மொன்டானாவில் ஒன்று நிற்கிறது, பார்த்தீர்களா என்று நள்ளிரவில் செய்தி அனுப்புகிறவரும் பெரும்பாலும் அவரே.