பழைய ரயில் படங்களில் சக்கர மறைப்பு: ஒரு முன்னோட்ட ஆய்வு

நீராவி என்ஜினை அடையாளம் காணச் சக்கரமே ஆதாரம் என்பது அறிஞர் துணிபு. முன்சக்கரம், இயக்குசக்கரம், பின்சக்கரம் என்று வரிசையாக எண்ணிக் குறிக்கும் முறையை 1900-இல் ஃபிரடெரிக் வைட் வகுத்துக் கொடுத்தார். 4-6-2 என்றால் எக்ஸ்பிரஸ் இழுத்த டபிள்யூபி. 2-8-2 என்றால் கூட்ஸ் இழுத்த டபிள்யூஜி. படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும், ஆகவே இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவு எளிய கணக்கு. ஆனால் நம் லோகோ ஷெட்டுகளின் பிரிவுபசாரப் படங்களை வைட் பார்த்திருக்க நியாயமில்லை.

அவற்றில் நடுநாயகமாக நாற்காலியில் மாலையுடன் ஃபோர்மேன். இருபுறமும் டிரைவர்கள். பின்வரிசையில் பெஞ்சு மேல் ஃபயர்மேன்கள். தரையில் சம்மணமிட்டுக் கிளீனர்கள். இவர்களுக்கெல்லாம் பின்னால், ஏதோ ஒரு என்ஜின். இதிலிருந்து பெறப்படும் விதி: ஓய்வு பெறுபவரின் பதவி உயர உயர, தெரியும் சக்கரங்கள் குறையும். ஆயுத பூஜைப் படமாக இருந்தாலோ வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் எண் பலகையையும் விழுங்கிவிடும்; ஆய்வாளருக்குப் புகைபோக்கி மட்டுமே பிரசாதம்.

விதிக்கு விலக்கு உண்டு. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையின் எக்ஸ் வகுப்பு என்ஜின் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தது. ஓடும் சக்கரத்துக்குத் தனியாக, பல்சக்கரத்துக்குத் தனியாக என்று பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றன்மேல் ஒன்று. ஃபோர்மேன் எத்தனை அகலமானவராக இருந்தாலும் மேல் சிலிண்டரை மறைக்க அவர் எழுந்து நிற்க வேண்டும். மாலை விழுந்த பிறகு யாரும் எழுவதில்லை. டபிள்யூபியும் தப்பிக்கும், அதன் குவிந்த மூக்கும் அதிலுள்ள நட்சத்திரமும் எல்லார் தலைக்கும் மேலே. அந்த மூக்குள்ள படத்தின் பின்புறம் ‘விழுப்புரம், 1938’ என்று எழுதியிருந்தால் இரண்டும் பொய். முதல் டபிள்யூபிக்கள் அமெரிக்காவின் பால்ட்வினிலிருந்து வந்ததே 1947-இல். டபிள்யூபி அகலப்பாதை என்ஜின்; விழுப்புரமோ அன்று மீட்டர் கேஜ்.

கேஜை அளப்பது எப்படி? அகலப்பாதை 1676 மி.மீ., அதாவது ஐந்தரை அடி. நடுத்தர உயரமுள்ள ஃபயர்மேனைக் குறுக்கே கிடத்தினால் கச்சிதமாக அடங்குவார். மீட்டர் கேஜில் முழங்காலை மடக்க வேண்டிவரும். முறை துல்லியமானது; எந்தப் படத்திலும் யாரும் படுத்திருப்பதில்லை என்பது ஒன்றே குறை.

கண்ணாடித் தகட்டைப் புரட்டிப் போட்டு அச்சிட்ட படங்கள் தனி வம்பு. எண் தெரிந்தால் பிடித்துவிடலாம். சாமந்தி மறைத்திருந்தால் டிரைவர்களின் சட்டைப்பையைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் அது வலப்புறம் இருந்தால் என்ஜின் போகும் திசையை நம்பக்கூடாது.

வேகன்களைப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் எம்.எஸ்.எம். என்று எழுதியிருந்தால் படம் 1951 ஏப்ரல் 14-க்கு முந்தையது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அன்றுதான் அந்த மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயும் எஸ்.ஐ.ஆர். எனப்பட்ட தென்னிந்திய ரயில்வேயும் தெற்கு ரயில்வேக்குள் சேர்ந்தன. அன்று காலையே ஒவ்வொரு வேகனருகிலும் ஒரு பெயின்டர் வாளியோடு நின்றிருந்தால் இக்கூற்று செல்லும். ஊரையும் அதை வைத்துச் சொல்ல முடியாது. சரக்கு எங்கே போனதோ வேகனும் அங்கே. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பையனிடம் டிக்கெட் இல்லை.