வீடு கொடுத்து வீடு எடுப்பவர்

லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில் பாதையில் ஒரு கிளை வாட்ஃபோர்டில் போய் முடிகிறது. வாட்ஃபோர்டு லண்டனில் இல்லை, ஹெர்ட்ஃபோர்டுஷயரில் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இந்த உண்மையை ஆண்டு முழுக்கப் பெருமையோடு சொல்வார், ஒரே ஒரு சந்தர்ப்பம் தவிர. விடுமுறைக்கு வீடு மாற்றிக்கொள்ள ஆள் தேடும்போது மட்டும், "லண்டன். தோட்டம் உண்டு. அமைதியான தெரு" என்று எழுதுவார். அதைப் படித்துவிட்டுப் பதில் போடும் பிரெஞ்சுக் குடும்பமும் தன் முகவரியைப் "பாரிஸ்" என்றே சொல்லும். துருவிக் கேட்டால் பாரிஸின் புறநகர் ரயிலான ஆர்.இ.ஆர். 'ஏ' வண்டியின் கடைக்கோடி நிலையமான புவாஸி-சேன்-லெஜே என்று வெளிவரும். இரு தரப்பிலும் பொய் ஒரே நீளம். அதனால் பேரம் படிந்துவிடும்.

அவர் ஒருவர் அல்ல, ஓர் இனம். இங்கிலாந்தின் புறநகர்த் தெருக்களில் அவரை எங்கும் பார்க்கலாம். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். முழங்கால் வரை காலுறை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, நடைபாதைகளைப் பென்சிலால் குறித்த ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம். ஓட்டல் என்றாலே முகம் சுளிப்பார். முன்பின் தெரியாதவன் படுத்த கட்டிலில் காசு கொடுத்துப் படுப்பது அவருக்கு அருவருப்பு. காசு கொடுக்காமல் படுத்தால் அது பண்பாட்டுப் பரிமாற்றம்.

ஏற்பாடு என்னவோ எளிதுதான். இரண்டு வாரம் நீங்கள் எங்கள் வீட்டில், நாங்கள் உங்கள் வீட்டில். வாடகை இல்லை. சில பேர் காரையும் சேர்த்தே மாற்றிக்கொள்வார்கள், பூனையையும்தான். நம் ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களின் தத்துவமே இதிலும் ஓடுகிறது. எங்கள் பெண்ணை நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்களோ, அப்படித்தான் உங்கள் பெண் இங்கே இருப்பாள். வெளியே பாசம், உள்ளே பிணை. "உங்கள் சோபா என்னிடம் இருக்கிறது" என்பதை அவர் எந்தக் கடிதத்திலும் எழுதமாட்டார். எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களே வாத்தியார்கள்தான் என்பதில் அவருக்கு இனப்பெருமை உண்டு. 1953-ல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இன்டர்வேக் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். கோடை விடுமுறை நீளம், சம்பளம் குட்டை, வேறு வழி? அந்தக் காலத்தில் வீடுகளின் பட்டியலை அச்சடித்துத் தபாலில் அனுப்புவார்கள். 1992-ல் எட் குஷின்ஸ் என்ற அமெரிக்கர் ஹோம்எக்ஸ்சேஞ்சைத் தொடங்கினார். 2011-ல் பிரான்சில் கெஸ்ட்டூகெஸ்ட் என்று ஒன்று முளைத்து, 2017-ல் அந்த அமெரிக்க நிறுவனத்தையே விலைக்கு வாங்கி, பிற்பாடு அதன் பெயரையும் தனக்கே சூட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் புதிதாக ஒரு வசதியும் கொண்டுவந்தார்கள். நேருக்கு நேர் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டை யாருக்காவது கொடுத்தால் புள்ளிகள் கிடைக்கும், அந்தப் புள்ளிகளை வேறு யார் வீட்டிலாவது செலவழிக்கலாம். நம்மவருக்கு இது அறவே பிடிக்காது. அவன் நம் வீட்டில் இருக்கும்போது நாம் அவன் வீட்டில் இல்லை என்றால் அப்புறம் என்ன பிடிமானம்?

2006-ல் 'தி ஹாலிடே' என்று ஒரு படம் வந்தது. சர்ரே கிராமத்துக் குடிசையில் இருக்கும் கேட் வின்ஸ்லெட்டும், லாஸ் ஏஞ்சலஸ் மாளிகையில் இருக்கும் கேமரூன் டயஸும் கணினியில் நாலு வரி பேசி, வீட்டை மாற்றிக்கொண்டு, உடனே விமானம் ஏறிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் தொலைக்காட்சியில் அது ஓடும்போது பக்கத்து வீட்டு அம்மையார் ரசித்துப் பார்ப்பார். இவர் நடுவில் புகுந்து, "இன்ஷூரன்ஸ்காரருக்கு யார் எழுதினார்கள்? குப்பை எந்தக் கிழமை என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்பார். படத்தில் காதல் வருவதற்குள் அம்மையார் எழுந்து போய்விடுவார்.

இவருக்கு ஆகஸ்டு விடுமுறை அக்டோபரிலேயே தொடங்கிவிடும். தெருவில் மற்றவர்கள் நவம்பர் 5-ன் வாணவேடிக்கைக்குக் காத்திருக்க, இவர் விளக்கைப் போட்டுக்கொண்டு கடிதம் எழுதுவார். ரோமிலிருந்து பதில் வராது. பார்சலோனா "இந்த ஆண்டு வாக்குக் கொடுத்துவிட்டோம்" என்று வருந்தும். வீட்டைத் தர ஆசையாசையாய் முன்வருவது நெதர்லாந்துக் குடும்பமாக இருக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. பூகோள வாத்தியாருக்கு மேடு பள்ளம் வேண்டும். மறுப்பதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய சைக்கிள் கொட்டகையைப் புகழ்ந்து, மனம் நோகாமல் மறுப்பார். கடைசியில் புவாஸி. கைபேசியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக வீட்டைக் காட்டுவார். துவைக்காத துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மையார் ஒவ்வொரு அறையாக முன்னே ஓடிக்கொண்டிருப்பார்.

நாள் குறித்த பிறகுதான் உண்மையான கூத்து. மாடிக் குளியலறைக் குழாய் பல ஆண்டுகளாய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மையார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குழாய். பாரிஸ்காரி வருகிறாள் என்றதும் பிளம்பர் வந்தார். அடுத்து விருந்தினர் அறைக்கு வெள்ளை. பழைய மெத்தை முதுகுக்கு ஆகாது என்று புது மெத்தை. புதிய துவாலைகள், புதிய வாணலி, கறை பட்ட தரைவிரிப்புக்குப் பதில் வேறு விரிப்பு. சொந்த மனைவிக்கு வாய்க்காத வீடு, முகம் பார்த்திராத ஒருத்திக்கு வாய்த்துவிட்டது. இதை அம்மையார் என்னிடம் வேலி ஓரமாகச் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. "அவள் வந்தால்தான் எனக்கு மெத்தை" என்றார். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாரிஸில் நடுத்தர ஓட்டலில் இரண்டு வாரம் தாராளமாய்த் தங்கியிருக்கலாம். ஆனால் அவர் கூட்டுவதே இல்லை. கணக்குக்கும் பூகோளத்துக்கும் நடுவே என்ன பகையோ.

ஆனால் மெத்தையும் வெள்ளையும் வெறும் உபசாரம். அவருடைய உயிர் இருப்பது கையேட்டில். 'எங்கள் இல்லத்துக்கு நல்வரவு' என்ற தலைப்பில், சுருள்கம்பி போட்டுக் கட்டி, பொருளடக்கத்தோடு, வண்ண ஒட்டுத்தாள்களோடு நாற்பத்தோரு பக்கம். அவர் வீட்டை மாற்றுவது வெளிநாடு போவதற்காக அல்ல. இந்தக் கையேட்டுக்கு ஒரு வாசகர் வேண்டுமே, அதற்காக. முப்பது ஆண்டு வகுப்பெடுத்தவருக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்திருக்கும் மாணவர்கள் இந்த விருந்தினர்கள்தான்.

முதல் அத்தியாயம் வாசல் கதவு. கைப்பிடியை முதலில் மேலே தூக்க வேண்டும், பிறகுதான் சாவி திரும்பும். இரண்டாம் அத்தியாயம் மின்சாரம். இங்கே ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது பழக்கமில்லை. பிளக்கைச் செருகிவிட்டுக் கெட்டில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். குளியலறை விளக்குக்குச் சுவிட்சே கிடையாது. கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், இழுக்க வேண்டும். கை கழுவும் தொட்டியில் இரண்டு குழாய், ஒன்றில் கொதிநீர், மற்றதில் பனிநீர். இடையில் உள்ள வெதுவெதுப்பை ஆங்கிலேயர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு அரைப் பக்கம் சரித்திர விளக்கம். பாய்லரின் அழுத்தம் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். படம் 7 பார்க்க. பூனைக்குக் காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி, அது நடுவில் அழுதால் நம்பக்கூடாது.

அத்தியாயங்களில் பெரியது குப்பை. கறுப்புத் தொட்டி, நீலத் தொட்டி, தோட்டக் கழிவுத் தொட்டி, சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒரு குட்டித் தொட்டி. எந்த வாரம் எது, எத்தனை மணிக்கு, கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தயிர் டப்பாவைக் கழுவிப் போட வேண்டுமா? இருபத்து மூன்றாம் பக்கத்தில் அட்டவணை. லண்டனில் பார்க்க வேண்டிய இடங்கள் என்ற அத்தியாயமும் உண்டு. அது அரைப் பக்கம்.

இவற்றுக்கு நடுவே காகித வேலை. வெளியார் தங்குவதாக வீட்டு இன்ஷூரன்ஸுக்கு ஒரு கடிதம், அவர்கள் ஓட்டுவதாகக் கார் இன்ஷூரன்ஸுக்கு இன்னொன்று. முன்பெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு இங்கிலாந்துக்குள் நுழைந்தார்கள். 2021 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து முன்கூட்டியே இணைய அனுமதியும் எடுக்க வேண்டும். தலைக்குக் கட்டணமும் உண்டு, குழந்தைக்கும் உண்டு. இதையெல்லாம் புவாஸிக்காரர்களுக்கு அவர்தான் எடுத்துச் சொன்னார், நான்கு முறை. அவர்கள் நான்கு முறையும் "சரி, சரி" என்று ஒரு வரியில் பதில் போட்டார்கள். அந்த ஒரு வரிதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

புறப்படும் நாளில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே பயணம். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலேறினால் முப்பத்தைந்து நிமிடத்தில் கடலுக்கடியில் கடந்து கலே பக்கம் போய்விடலாம். இவர்கள் அங்கே போகிற நேரத்தில் அவர்கள் இங்கே வந்துகொண்டிருப்பார்கள், சந்திக்கவே மாட்டார்கள். அப்படியானால் சாவி? இந்தக் கேள்விக்கு ஐரோப்பா முழுவதும் ஒரே விடைதான்: பக்கத்து வீட்டுக்காரர். ஆகவே விருந்தினர்கள் வரும்வரை அந்தச் சாவி எங்கள் சாமி அலமாரியின் ஆணியில், பிள்ளையாருக்கு வலப்புறம் தொங்கும். கூடவே கையேட்டின் நகல் ஒன்று, "உங்கள் வசதிக்காக".

விருந்தினர்கள் இரவு பத்தரைக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், சிரித்த முகம், இரண்டு பிள்ளைகள். சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். கதவைப் பூட்ட முடியவில்லை. நான் போய்க் கைப்பிடியைத் தூக்கிக் காட்டினேன். மறுநாள் கெட்டில். அதற்கு மறுநாள் பாய்லர். கையேடு சாப்பாட்டு மேசையில், வைத்த இடத்தில் வைத்தபடி, சூடான பாத்திரத்துக்கு அடியில் இருந்தது. நாற்பத்தோரு பக்கமும் நல்ல கனம். மேசையில் கறையே விழவில்லை.

அங்கே புவாஸியிலிருந்து எனக்குச் செய்தி வந்தபடி இருந்தது. பூனை தின்றதா? நீலத் தொட்டிதானே வெளியே போயிற்று? அவர்கள் கையேட்டைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? "மிகவும் பயன்படுகிறது என்றார்கள்" என்று நான் எழுதினேன். பொய்யில்லை.

பாரிஸைப் பற்றி ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவருக்கு அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கையேடு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய ஒரு மஞ்சள் சீட்டு: வைஃபை எண் பெட்டியின் பின்னால் இருக்கிறது, ரொட்டிக்கடை திங்கட்கிழமை மூடல், இனிய விடுமுறை. அவ்வளவுதான். பாய்லர் எங்கே? குப்பை எந்தக் கிழமை? தண்ணீரை எங்கே அடைப்பது? கேட்க ஆளில்லை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் புத்திசாலி, சாவியைக் கொடுத்த கையோடு ஊருக்குப் போய்விட்டார்.

வேறொருவராக இருந்தால் தோளைக் குலுக்கிவிட்டு ஈஃபில் கோபுரம் பார்க்கப் போயிருப்பார். இவர் போய்ச் சேர்ந்த அன்றே அளவு நாடாவை எடுத்தார். அவர்கள் வீட்டு ஜன்னல் அடைப்புகளை எந்த வரிசையில் இழுத்து மூடுவது, எந்த எரிவாயுக் குமிழ் இறுகியிருக்கிறது, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, படம் வரைந்து, இரண்டு வாரத்தில் அவர்கள் வீட்டுக்கு இருபத்தெட்டுப் பக்கக் கையேடு ஒன்றை எழுதி முடித்து, மேசையில் பரிசாக வைத்துவிட்டு வந்தார். ஊர் சுற்றியது அம்மையார் மட்டும். தனியாக ஆர்.இ.ஆர். பிடித்து, ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போய், மத்தியான உணவு வெளியிலேயே முடித்து, மாலையில் திரும்புவாராம். "இதைவிட நல்ல விடுமுறை எனக்கு அமைந்ததில்லை" என்று வேலி ஓரத்தில் சொன்னார்.

வந்தவர்களுக்கு வரவேற்பாக ஒரு பாட்டில் ஒயின் வைப்பது வழக்கம். பிரெஞ்சுக்காரருக்கு எந்த ஒயினை வைப்பது என்று இவர் ஒரு மாதம் யோசித்து, சஸெக்ஸில் விளைந்த நுரைக்கும் ஒயினை நாட்டுப்பற்றோடு வைத்திருந்தார். திரும்பி வந்தபோது அது திறக்கப்படாமல் அப்படியே இருந்தது, பக்கத்தில் "நன்றி" என்ற சீட்டுடன். அவர்கள் நாகரிகம் கருதி மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டார்கள். யார்தான் குறைத்துப் போடுவார்கள்? சோபா திரும்பி வந்தாலும் பழக்கம் போகாது.

இந்த முறையில் விடுமுறை போக வாசகர் யாருக்காவது ஆசை வந்தால் தாராளமாய்ப் போங்கள், நல்ல ஏற்பாடுதான். அடுத்த ஆகஸ்டுக்கு இந்த அக்டோபரிலேயே எழுதத் தொடங்குங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ், கார் இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் முன்னால் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்கும் ஆகஸ்டில் எங்காவது போக ஆசை இருக்கலாம்.