மாட்டுக்குத் தெரிந்த வழி

பொத்துவிலுக்குத் தானாக ஓடும் வண்டி எப்போதோ வந்துவிட்டது. அதற்கு எட்டுக் கால். போடியாரின் நெல்லை இறக்கிவிட்டு வண்டில்காரர் சாக்கை விரித்துச் சரிவார். கண் விழிக்கும்போது வண்டில் அவர் வீட்டுக் கடப்படியில் நிற்கும். எதிரே ஆள் வந்தால் மாடு ஒதுங்கும், பள்ளத்தைக் கண்டால் தயங்கும். அடியில் ஆடும் அரிக்கன் லாம்பு பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கை. இவ்வளவும் வைக்கோலில் ஓடியது.

பிறகு மனிதனுக்குப் புத்தி வந்தது; மாட்டை அவிழ்த்துவிட்டு இயந்திரத்தைப் பூட்டினான். பூட்டிய பிறகுதான் தெரிந்தது, வண்டியில் யோசிக்கிற ஆள் இறங்கிப் போய்விட்டார் என்று. வெள்ளைக்காரன் அதற்கும் வழி கண்டான். 1865இல் ஒரு சட்டம்: இயந்திர வண்டிக்கு 60 யார் முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். சாரதிக்கு உதவ வந்த முதல் கருவி அந்தக் கொடிக்காரன்தான். தேத்தண்ணி கொடுத்தால் போதும், வேலை செய்வான்.

1896 ஆகஸ்டில், முன்னால் ஆள் நடக்கும் தொல்லையை ஒழிக்கச் சட்டம் நிறைவேறியது. அதே ஆகஸ்டில் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்ற பெண் கார் மோதி இறந்தார். மணிக்கு நாலு மைலில்தான் வந்தேன் என்று சாதித்தான் ஓட்டியவன். அன்றைக்குத் தொடங்கிய அந்தப் பதிலை இன்றைக்கும் எல்லாப் பொலிசிலும் கேட்கலாம். இப்படியொன்று இனி நடக்கவே கூடாது என்றாராம் மரண விசாரணை அதிகாரி. நல்ல மனுசன்.

மின்சாரக் காரும் நேற்றுப் பிறந்ததல்ல. 1899இல் பெல்ஜியக்காரர் ஜெனாட்ஸி, சுருட்டுக்குச் சில்லு பூட்டிய மாதிரி ஒரு மின்சார வண்டியில் பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மணிக்கு 105 கிலோமீற்றர் பறந்தார். வண்டிக்கு வைத்த பெயர், 'ஒருபோதும் திருப்திப்படாதவள்'. நமக்கு நிஸான் லீஃப் என்ற மின்சாரக் கார் வந்து இறங்க 2015 வாக்கில் வரி குறைய வேண்டியிருந்தது. அப்போது அது ஒரு சார்ஜுக்கு நூறு சொச்சம் கிலோமீற்றர் ஓடியது. கொழும்பிலிருந்து பொத்துவில் 300க்கு மேல். ஆகவே சார்ஜ் ஏற்ற இரத்தினபுரியிலும் வெல்லவாயவிலும் சொந்தம் தேடிப் பிடித்தவர்தான் ஊர் வந்து சேர்ந்தார். அந்தச் சொந்தம் பழகுமுன் வரி ஏறியது. 2020இல் இறக்குமதியே நின்றது. 2022இல் பெற்றோல் இல்லை. கியூவில் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். மாட்டை அவிழ்த்துவிட்டு நாமே நுகத்தில் நின்ற வருடம் அது.

2025இல் தடை நீங்கியது. இப்போது வருகிற கார்களில் கமராவும் ரேடாரும் தானாகப் பிடிக்கும் பிறேக்கும். இந்த வித்தைக்கெல்லாம் மூத்தாப்பா, ரால்ப் டீட்டர் என்ற அமெரிக்கர். ஐந்து வயதில் கண் பார்வை போனவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது பேசினால் வேகம் குறையும், வாயை மூடினால் கூடும். அந்தக் குலுக்கல் பொறுக்காமல் வேகத்தை ஒரே சீராக வைக்கும் கருவியைச் செய்து 1950இல் காப்புரிமை வாங்கினார். றோட்டைப் பார்க்கவே முடியாத மனுசருக்குத்தான் ஓட்டுகிறவனை நம்பக்கூடாது என்று முதலில் விளங்கியது.

தேத்தண்ணிக் கடையில் இந்தப் புதுக் கார்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"காக்கா, குறுக்கால மாடு வந்தா தானா நிக்குமாம்."

"ஆனை வந்தா?"

தம்பி வாயை மூடிக்கொண்டான். காரணம் இருக்கிறது. சுவீடனில் பெரிய மிருகங்களைக் கண்டு பழகிய வொல்வோ, அவுஸ்திரேலியாவில் கங்காரு துள்ளியபோது அது கிட்டவா தூரவா என்று குழம்பியதை 2017இல் அந்தக் கம்பனியே ஒப்புக்கொண்டது. அதைக் கொண்டுவந்து இரவில் லகுகல காட்டு றோட்டில் விட்டால் என்ன செய்யும்? பகலில் அறுகம்பைப் பாலத்தில், கூரைக்கு மேல் அலைச்சறுக்குப் பலகை கட்டிய ஓட்டோவைக் கண்டால்? விமானம் தரையிறங்குகிறது என்று ஒதுங்கினாலும் ஒதுங்கும்.

றோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் போகிற கார் என்கிறார்கள். அறுவடைக் காலத்தில் நம் கோடு நெல்லுக்குக் கீழே கிடக்கிறது. பாதி றோட்டில் நெல், அதைச் சுற்றிக் காவலுக்குக் கருங்கல். பகலில் அந்தக் கல்லைக் கண்டு எல்லாரும் ஒதுங்குவார்கள். பொழுதுபட்டால் நெல் வீட்டுக்குப் போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்குக் கமராவும் இல்லை, ரேடாரும் இல்லை. நெல்லை அள்ளுகிற கையோடு கல்லையும் எடுத்துவிட்டுப் போங்கள், காக்கா.