கலீபாவும் வான்கோழியும்

ஆங்கிலத்தில் 'டர்க்கி' எனப்படும் வான்கோழியின் பிரியாணி சாப்பிட்டால் துருக்கி வரலாறு புரியுமா? (வாசகர், ஒரத்தநாடு)

மெக்சிகோ வரலாறு வேண்டுமானால் புரியலாம். வான்கோழியின் காட்டு மூதாதையர் அந்தப் பக்கம். 1612-ல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு வந்து சேர்ந்த வான்கோழியை ஓவியர் மன்சூர் வரைந்தார். நம்மவர்கள் அண்டாவில் வைத்து ஆராய்கிறார்கள்!

சரி, துருக்கி அரசியலுக்கும் காவிரி டெல்டாவுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், நாகூர்)

உங்கள் ஊரிலேயே கேட்டிருக்கலாமே! 1920 ஆகஸ்டில் காந்தியும் ஷௌகத் அலியும் கும்பகோணத்திலும் நாகூரிலும் முஸ்லிம்களின் தலைவராகக் கருதப்பட்ட துருக்கி கலீபாவின் பதவியை வெள்ளைக்காரனிடமிருந்து காக்கப் பேசினார்கள். 1924 மார்ச்சில் அந்தப் பதவியையே ஒழித்தது வெள்ளைக்காரன் அல்ல, துருக்கி நாடாளுமன்றம். மாப்பிள்ளை வீட்டாரே வேண்டாம் என்ற கல்யாணத்துக்கு நாம் பந்தல் போட்டிருக்கிறோம். ஆனால் அதே மேடைகளில் பேசப்பட்ட ஒத்துழையாமை இங்கே வேர் பிடித்துவிட்டது.