நாலு கம்பியும் அஞ்சு சைபரும்

"ஆறு கம்பி கிட்டாரே ஆறாயிரத்துக்குக் கிடைக்குது மாப்பிள்ள. நாலு கம்பிக்கு எதுக்குப் பத்தாயிரம்?"

என் மாமனார் அரசாங்கக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பிக்கு ஆயிரம் என்று அவர் போட்ட கணக்கில் எனக்கு ஆறாயிரம் நஷ்டம். பேஸ் கிட்டாரின் கம்பி தடிமன், கழுத்து நீளம், கம்பி ஓடுகிற தூரம் மட்டுமே 34 அங்குலம் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எடைக்கும் நீளத்துக்கும் விக்கிறானா?" என்றார். கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளில் துணியைக் கிழித்து வாங்கிப் பழகியவர். அவர் கேட்டதில் தப்பில்லை.

அந்தக் கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்தவன் அவருடைய மகன். நெய்வேலியில் வேலை பார்க்கும் என் மச்சான், இரண்டு லட்சத்தை ஒட்டிய விலையில் ஓர் அமெரிக்க பேஸ் கிட்டாரை வாங்கிப் பெட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வந்தான். அன்றைக்கே நான் சிக்கனக்காரன் ஆகிவிட்டேன். மாமனார் எனக்கு இன்னொரு தோசை வைக்கச் சொன்னார்.

மச்சானுக்கும் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்த காரணம் ஒன்றுதான். 1976-இல் அன்னக்கிளியோடு வந்தாரே ஒருவர், அவர். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் பின்னால் ஒதுங்கி நிற்காது. பாடகர் ஒரு பக்கம் பாடிக்கொண்டிருக்கும்போதே அது தன் பாட்டுக்கு இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அவர் எழுதித் தந்ததைப் பல வருஷம் வாசித்தவர் சசிதரன். ரஹ்மானுக்கு வாசித்தவர்களில் ஒருவர் கீத் பீட்டர்ஸ். இந்த இரண்டு பெயரையும் சொன்னால் நாங்கள் வாசிக்கிற மெல்லிசைக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் கையில் இருந்த கிட்டார் என்ன விலை என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மச்சானிடம் இதைச் சொன்னேன். "அவங்க எதுல வேணா வாசிப்பாங்க மாமா. நமக்குத்தான் நல்ல கிட்டார் வேணும்" என்றான். மறுக்க முடியவில்லை.

என்னுடையதுக்கும் அவனுடையதுக்கும் தாத்தா ஒருவரே. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர். ஆள் உயர டபுள் பேஸைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கி, வீணை மெட்டு மாதிரி ஃப்ரெட் வைத்து, 1951-இல் பிரசிஷன் பேஸ் என்று கொண்டுவந்தார். 1960-இல் இன்னும் ஒல்லிக் கழுத்தோடு ஜாஸ் பேஸ் வந்தது. இவ்வளவும் செய்தவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாதவர் செய்ததை வாசிக்கத் தெரியாத நாம் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றேன். அந்த 'நாம்' மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

1965-இல் லியோ கம்பெனியை விற்றுவிட்டார். அப்புறம் ஜப்பான்காரர்கள் அதே உருவத்தில் மலிவாகவும் நன்றாகவும் செய்து தள்ள, கம்பெனிக்கு வயிறு எரிந்து, 1982-இல் ஜப்பானிலேயே 'ஸ்குவையர்' என்ற பெயரில் தன்னைத் தானே காப்பி அடிக்க ஆரம்பித்தது. இன்றைக்குக் குடும்பம் பெருத்துவிட்டது. பெரியவன் கலிஃபோர்னியா, நடுவுள்ளவன் மெக்சிகோ, சின்னவன்கள் இந்தோனேசியா, சீனா. முகஜாடை எல்லாருக்கும் ஒன்றுதான். சொத்து மட்டும் சமமாகப் பிரிக்கப்படவில்லை. என்னுடையது இந்தக் குடும்பத்துக்கே வெளியே, ஜாடை மட்டும் ஒத்துப்போகிற பிரசிஷன் வகை. தலையில் எழுதியிருந்த பெயர் முதல் தீபாவளிக்குள் உதிர்ந்துவிட்டது. அதனால் யாராவது கேட்டால் பழைய மாடல் என்று சொல்ல வசதி.

மரத்தைப் பற்றி மச்சான் மணிக்கணக்கில் பேசுவான். அவனுடையது ஆல்டர், என்னுடையது பாப்லர். இரண்டு மரத்தையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. விரல் வைக்கிற பலகை மட்டும் தெரிந்த மரம்: அவனுடையதில் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மலையில் வளர்கிற தோதகத்தி. 2017-இல் இந்த ஜாதி மரங்களின் சர்வதேச வியாபாரத்துக்குக் கெடுபிடி வந்தபோது, மலிவு கிட்டார்களில் இந்தியன் லாரல் என்று ஒன்றைப் போட ஆரம்பித்தார்கள். அது நம் கருமருது. ஆக, விலை கூடினாலும் குறைந்தாலும் விரல் படுகிற இடம் நம்ம ஊர்க் காடு. "இங்கேருந்து போன கட்டையைத்தான் வரி கட்டித் திருப்பி வாங்கியிருக்கியா?" என்று மாமனார் கேட்டார். அன்றைக்கு மச்சானுக்குத் தோசை இல்லை.

வித்தியாசமே இல்லை என்று சாதிக்க நான் தயாரில்லை. இருக்கிறது, கையை வைத்தால் தெரியும். என் கிட்டாரின் கழுத்தோரமாக இடது கையை வேகமாக ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைச் சீவும். அவனுடையதில் விளிம்பையே உருட்டிவிட்டிருக்கிறார்கள். அவன் முதல் பாட்டுக்கு முன்னால் சுருதி சேர்த்தால் மங்களம் வரை நிற்கும். என் முறுக்காணிகளுக்கு அவ்வளவு விசுவாசம் கிடையாது; மூன்றாவது பாட்டில் தடிக் கம்பி இறங்கத் தொடங்கும். சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் அவனுக்குப் படிப்படியாகக் கூட்டும். எனக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை ஒன்றும் நடக்காது, ஒன்பதில் எல்லாமே நடக்கும். எடையில் மட்டும் நான் ஜெயித்தேன். அவனுடையது நாலு கிலோவுக்கு மேல். அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் அவர் மிதந்து கரையேறிய ஊர் இது; ஆனால் அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் 'ஒன்ஸ்மோர்' வாசிக்கவில்லை.

இந்தக் குறைகளில் பாதியைச் சரிசெய்தவர் சிதம்பரத்தில் வீணைக்கு மேளம் கட்டுகிற, அதாவது மெட்டுப் பதிக்கிற, ஒரு பெரியவர். இரண்டு கிட்டாரையும் பாயில் கிடத்தினோம். மச்சான் விலையைச் சொன்னான்; அவர் காதில் வாங்கவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "பலா இல்லையே?" என்றார். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாமரம் போகிறது. எங்கள் மாவட்டத்து மரத்தில் செய்யாத வாத்தியத்தை அவர் முழுசாக நம்பவில்லை.

"தாளக் கம்பி மூணும் எங்க?"

வீணையில் வாசிக்க நாலு, தாளத்துக்கு மூன்று. இதில் வாசிக்கிற நாலு மட்டும்தான் என்றேன்.

"அப்ப தாளம்?"

"அதுக்கு டிரம்ஸ்காரர் தனியா இருக்கார் ஐயா."

"அவருக்குத் தனியாக் காசு குடுக்கணுமே" என்று வருத்தப்பட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடிக் கழுத்தோரமாகப் பார்த்தார். இரண்டு லட்ச ரூபாய்க் கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. கடற்கரை ஈரம் மரத்துக்குள் போனால் விலைப்பட்டியலைக் கேட்டுவிட்டுப் போவதில்லை. கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை மச்சான் கொண்டுவந்த சாவியால் கால் சுற்றுத் திருப்பச் சொல்லி, திரும்பப் பார்த்து, "போதும்" என்றார். என்னுடையதுக்குத்தான் வேலை அதிகம். மெழுகில் பதித்த வீணை மெட்டைச் சூடு காட்டி நகர்த்தலாம். இதில் மரத்தில் அடித்து இறக்கியிருக்கிறார்கள். "தப்பா அடிச்சிருந்தா ஆயுசுக்கும் தப்பாச்சே" என்று முனகியபடி, பொடி அரத்தால் ஒவ்வொரு முனையாக மழுக்கினார். தலைப்பக்கம் கம்பி உட்காருகிற பள்ளங்களை ஒரு மயிரிழை ஆழமாக்கினார். எடுத்து வாசித்தால் என் கிட்டார் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தது. இரண்டுக்கும் ஒரே கூலிதான் வாங்கினார். மச்சானுக்கு அது அவமானமாகப் போய்விட்டது.

யாராவது பையன் என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குப் போனால் கை நிறைய வித்தியாசம். முப்பதிலிருந்து இரண்டு லட்சத்துக்குப் போனால் விரல் நுனி அளவு. அந்த நுனிக்காக உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் மச்சானின் நம்பர் தருகிறேன். மற்றவர்கள் மிச்சப் பணத்தில் கம்பி வாங்குங்கள். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று கம்பியைத் தின்னுகிற வேகத்துக்கு அது உதவும்.

நல்ல செட் ஒன்று இரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் உலகமெங்கும் சில்லறை இல்லாத பேஸ்காரர்கள் செய்வதை நானும் செய்கிறேன். கம்பியைக் கழற்றிச் சுருட்டி, பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைப்பது. சுற்றுக் கம்பியின் இடுக்கில் அடைந்திருக்கும் வியர்வை, எண்ணெய், பஜ்ஜி எல்லாம் கரைந்து வரும். துடைத்துக் காயவைத்து மாட்டினால் கொஞ்ச நாளைக்குப் புதுசு போல் கணீரென்று கேட்கும். பிரச்சினை பாத்திரம்தான். ரசம் வைக்கிற பாத்திரத்தில் கம்பி கொதிப்பதைப் பார்த்த என் மனைவி, "ஏங்க, இதுக்குப் புளி கரைக்கணுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். டெட்ராய்ட்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒரு மகா பேஸ்காரர் இருந்தார், மோடவுன் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாட்டுகளை 1962 மாடல் பிரசிஷன் ஒன்றில் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார், கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார் என்று அவளிடம் ஒரு நாள் சொன்னேன். "அவர் வீட்டம்மா குடுத்து வச்சவங்க" என்றாள்.

மச்சான் இரண்டு கிட்டாரையும் ஒப்பிட்டு வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். தடிக் கம்பியை விரல் அழுத்தாமல் மீட்டினால் வருகிற நாதம் விநாடிக்கு 41 அதிர்வு. கைபேசியின் கடுகளவு ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. மேலே வருகிற கிளை நாதங்கள் மட்டும்தான் வெளியே வரும், அடியை நம் மூளையே கற்பனை செய்துகொள்ளும். ஆக, இரண்டு லட்ச ரூபாய் நாதத்தை எங்கள் பெரியம்மா தன் மூளையில் இலவசமாகத் தயாரித்துக்கொண்டு, "ரெண்டும் நல்லாருக்குப்பா" என்று பதில் போட்டார்கள்.

நேருக்கு நேர் மோதிப் பார்க்க ஆடி மாதம் வாய்ப்பு வந்தது. கடலூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. குழுத் தலைவர் கீபோர்டு அண்ணன். முதல் பாதி நான், இடைவேளைக்குப் பிறகு மச்சான் என்று ஒப்பந்தம். தென்னை மரத்துக்கு ஒன்றாகக் கோன் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கோனுக்கும் கீழ்ஸ்தாயிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேடைக்குப் பக்கத்தில் அடுக்கிய பெட்டிகள்தான் கதி. எர்த் என்ற சமாசாரம் அந்தப் பிளக் பலகையில் இல்லை. மேலே அம்மன் உருவத்தில் ஆயிரக்கணக்கான சீரியல் பல்பு.

என் பாதி அமைதியாகப் போயிற்று. காரணம் என் திறமை இல்லை. பிரசிஷன் வகைக்கு 1957-லிருந்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, கரண்ட் இரைச்சலை ஒன்று ஏற்ற இன்னொன்று கழிக்கிற மாதிரி சுற்றியிருக்கிறார்கள். மலிவுக் காப்பியிலும் அந்தப் புண்ணியம் உண்டு. மச்சானுடையது ஜாஸ் வகை. இரண்டு பிக்கப்பையும் சமமாக வைத்தால் அதுவும் பேசாமல் இருக்கும். ஒன்றைக் குறைத்துத் தனி நாதம் காட்டுகிறேன் என்று கிளம்பினால் போச்சு. அவன் கிளம்பினான். 'ம்ம்ம்ம்' என்று பந்தல் முழுக்க 100 ஹெர்ட்ஸ். அவனுடைய மெல்லிய கம்பி 98. கரண்ட் அதற்குச் சற்று மேலே சுருதி பிடித்து நின்றது. பாடகி திரும்பிப் பார்த்தார். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மிக்ஸரில் ஏதோ செய்தார். இரைச்சல் நின்றது. மச்சான் உயிரைக் கொடுத்து வாசித்தான்.

முடிந்ததும் ஒரு பையன் மேடைக்கு ஓடி வந்தான். "அண்ணே, செகண்ட் ஆஃப்ல பேஸு அதிருச்சுண்ணே!" மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் இருந்தது.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சவுண்ட் அண்ணனிடம் நன்றி சொல்லப் போனோம். "கிட்டார் லைன் ஒரேயடியா இரைஞ்சுது தம்பி. அதை அப்பவே இறக்கிட்டு, கீபோர்டைத் தூக்கி விட்டுட்டேன்" என்றார். கீபோர்டு அண்ணனின் இடது கை, பழக்க தோஷத்தில், எல்லாப் பாட்டுக்கும் கீழ்ஸ்தாயியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பையனுக்கு அதிர்ந்தது அந்தக் கை. கீபோர்டு அண்ணனும் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஒன்றும் பேசவில்லை, தன் இடது கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த கச்சேரி சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பார்ட்டி பட்ஜெட்டில் ஒரு ஆளைக் குறைக்கச் சொன்னார்களாம். மச்சானும் நானும் மொய் எழுதிவிட்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். அந்த இடது கையில் கம்பியின் உயிர் இல்லை, நாதம் பிளாஸ்டிக்காக இருக்கிறது, விரல் இழுப்பு எங்கே என்று முதல் பாட்டிலேயே இரண்டு பேரும் முழு சம்மதத்துக்கு வந்துவிட்டோம். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அப்போதுதான். அந்த மகிழ்ச்சியில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பி, "யோவ், பாட்டைக் கேக்க விடுங்கய்யா. பேஸு எவ்வளோ நல்லாருக்கு!" என்றார்.